அடங்காதவனும் வாய் திறக்காதவளும்: பதின்பருவக் காதல் கதை எழுத வருபவர்களுக்கு

யாருக்கும் அடங்காத ஒரு பையன், யாரிடமும் பேசாத ஒரு பெண். தொடர்கதை எழுத வருகிற பலர் முதலில் கையில் எடுப்பது இந்த ஜோடியைத்தான், அதில் தப்பே இல்லை. பழகிய ஜோடி என்பதால் வாசகர் முதல் பக்கத்திலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார், அறிமுகத்துக்கு நீங்கள் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் இப்படித் தொடங்குகிற கதைகளில் பெரும்பாலானவை பாதி வழியில் படுத்துவிடுகின்றன, காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்: அந்தப் பெண்ணுக்குக் கதையில் சொந்தமாக ஒரு வேலையும் இல்லை. அவன் கோபப்படுவான், அவள் அழுவாள். அவன் அடிபட்டு வருவான், அவள் கட்டுப் போடுவாள். கடைசி அத்தியாயத்தில் அவன் திருந்துவான், அவள் சிரிப்பாள். மொத்தத்தில் அவனுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை மாதிரி இருந்துவிட்டுப் போகிறாள்.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். முதல் இரண்டு படிகளை எழுத உட்காரும் முன்பே முடித்துவிடுங்கள். மற்றதை எழுதிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: அவன் எதற்கு அடங்க மாட்டான்?

பைக், சிகரெட், கலைந்த முடி, கடைசி பெஞ்ச் எல்லாம் வேஷம்தான். கலகம் என்றால் அதற்கு ஒரு எதிராளி வேண்டும். ஒரு தாளை எடுத்து, “இவன் இன்னதற்கு அடங்க மாட்டான், ஏனென்றால் இன்னது நடந்தது” என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். அந்த “ஏனென்றால்” பகுதி வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது வெறும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற பையன்தான், கதாபாத்திரம் இன்னும் வரவில்லை.

உதாரணத்துக்கு ஒன்று, இந்தக் கட்டுரை முழுக்க இதையே வைத்துக்கொள்வோம். பெயர் தீபன், வயது பதினேழு. இரண்டு வருடம் முன்பு செய்யாத ஒரு திருட்டுக்காக வகுப்பு முன்னால் நிற்க வைக்கப்பட்டான். எவ்வளவோ விளக்கிச் சொன்னான், யாரும் நம்பவில்லை. அன்றோடு விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டான். யார் என்ன கேட்டாலும், “ஆமா, அதுக்கென்ன இப்போ?” என்பதுதான் பதில், தப்பு அவன் பக்கம் இல்லாதபோதும் அதே பதில்தான். இப்போது அவன் அடங்காததற்கு ஒரு வடிவம் வந்துவிட்டது பாருங்கள். வாத்தியாரை எதிர்த்துப் பேச வேண்டாம், மேஜையை எட்டி உதைக்க வேண்டாம். விளக்கம் சொல்ல மறுப்பதே போதும், ஒவ்வொரு காட்சியிலும் அது வம்பைக் கொண்டுவரும்.

அடுத்து, அவன் மீறாத விதி ஒன்றையும் கண்டுபிடியுங்கள். எல்லாவற்றையும் மீறுகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். தீபன் பரீட்சையில் காப்பி அடிக்க மாட்டான், தெரியாவிட்டால் வெற்றுத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வருவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் நல்லவன் என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

இன்னொரு விஷயம். 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கார் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றைப் பதின்பருவத்தினரைத் தனியாகவும் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் ஆடவைத்துப் பார்த்ததில், நண்பர்கள் இருக்கும்போது அவர்கள் எடுத்த துணிச்சலான முடிவுகள் வெகுவாகக் கூடின. வயது வந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எழுதுகிறவருக்கு இது நல்ல பிடி. உங்கள் பையனை இரண்டு ஆளாக எழுதுங்கள், கூட்டத்தோடு இருக்கிறவன் ஒருவன், தனியாக இருக்கிறவன் இன்னொருவன். அவள் முதலில் பார்ப்பது முதலாமவனை, தற்செயலாகத் தெரிந்துகொள்வது இரண்டாமவனை. பிறகு அவன் கூட்டத்தோடு இருக்கும்போது அவள் எதிரே வந்து நிற்க வேண்டும். எந்த ஆளாக அவளைப் பார்ப்பான்? இந்த ஒரு கேள்வியே இரண்டு அத்தியாயம் இழுக்கும்.

இரண்டாம் படி: அவளுக்கு என்ன வேண்டும்?

நான் பார்த்தவரை எல்லோரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

கூச்சம் வேறு, தனிமை விரும்புவது வேறு. தனிமை விரும்புகிறவருக்குக் கூட்டம் அலுப்பு, அவ்வளவுதான், பேசாமல் இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கூச்சப்படுகிறவருக்குப் பேச வேண்டும் என்று ஆசை இருக்கும், பயம் வந்து பிடித்துக்கொள்ளும். ஆக வெளியே மௌனம், உள்ளே ஒரே சத்தம். கதைக்கு இதுதான் தங்கச் சுரங்கம், ஆனால் பலரும் அவளை உள்ளேயும் மௌனமாக வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அவள் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிலா, மழை, ஜன்னல் என்று போய்விடுகிறார்கள்.

எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்கிற நினைப்பு அந்த வயதுக்கே உரியது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் கொடுத்தார். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களை ஒரு சங்கடமான டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு அறைக்குள் போகச் சொன்னார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான். உங்கள் நாயகி அந்த மீதிக் கால்வாசியையும் சேர்த்தே சுமந்துகொண்டு நடக்கிறாள் என்று நினைத்து எழுதுங்கள்.

கூச்சத்தைக் காட்டுவதற்குக் கன்னம் சிவப்பதையும் தலை குனிவதையும் கொஞ்ச நாள் மறந்துவிடலாம். பேசாமல் தப்பிப்பதற்காக அவள் என்னென்ன செய்கிறாள் என்று பட்டியல் போடுங்கள். வருகைப் பதிவில் தன் பெயர் வருவதற்கு நான்கு பெயர் முன்பிருந்தே தொண்டையைச் சரிசெய்துகொள்கிறாள். எதிரே தெரிந்தவர் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிகிறாள். பெயரை யாராவது தப்பாகக் கூப்பிட்டால் திருத்துவதில்லை, ஒரு வருடமாக அந்தத் தப்பான பெயருக்கே திரும்பிப் பார்க்கிறாள். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கூச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. வீட்டில் தம்பியிடம் ராட்சசியாக இருப்பாள். மெசேஜில் மூன்று வரியில் ஆளை மடக்குவாள். அவளுக்கும் ஒரு மேடை இருக்கிறது என்பதை அவனுக்கு முன்பாகவே வாசகர் பார்த்துவிட வேண்டும்.

இப்போது முக்கியமானது: அவன் கதைக்குள் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு ஆசை இருக்கட்டும், அதுவும் வாயைத் திறந்து பேசினால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஆசை. நம் கதையில் அவள் பெயர் யாழினி, வயது பதினாறு. பள்ளி ஆண்டிதழின் ஆசிரியர் குழுவில் சேர வேண்டும், அதற்கு நேர்காணல் உண்டு. போன வருடம் அந்த அறைவாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். அவ்வளவு சின்ன ஆசை போதும், உலகத்தைக் காப்பாற்ற வேண்டாம்.

இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் விளக்கம் சொல்ல மாட்டான், அவளால் விளக்கம் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேருமே வாய் மூடியவர்கள், காரணம் மட்டும் நேர் எதிர். இப்படி ஒரு பொருத்தம் கிடைத்தால் கதை தானாக நகரும், கிடைக்கும்வரை “ஏனென்றால்” பகுதியை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஒரே இடத்தில் மாட்டிவிடுங்கள்

வராந்தாவில் மோதிப் புத்தகம் சிதறுகிற காட்சி வேண்டாம். அது ஒரு முறைதான் நடக்கும், மறுநாள் அவர்கள் ஏன் சந்திக்க வேண்டும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. இரண்டு பேரும் திரும்பத் திரும்ப வந்தே ஆக வேண்டிய ஓர் இடமும், அது எப்போது முடியும் என்கிற கெடுவும்தான் தேவை. தீபனுக்குத் தண்டனை, மதிய இடைவேளையில் நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்த வேண்டும். யாழினி அதே நேரத்தில் சாப்பாட்டுக் கூட்டத்திலிருந்து ஒளிந்துகொள்ள வருவது அதே நூலகத்துக்கு. இடம் முடிந்தது.

நான்காம் படி: முதல் காட்சியை எழுதிப் பார்ப்போம்

புதிதாக எழுதுகிறவர் கையில் இது பெரும்பாலும் இப்படி வரும்:

யாழினி தயங்கித் தயங்கி நூலகத்துக்குள் நுழைந்தாள். அங்கே தீபன் நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுதியவருக்கும் தெரியவில்லை, அதுதான் சிக்கல். இதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்:

அவள் வழக்கமாக உட்காரும் மூலையில் புத்தகங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. நடுவில் தீபன், கையில் முத்திரைக் கட்டை.

“இங்க உக்காரணுமா?”

ஆமாம், தினமும் இங்கேதான் உட்காருவேன், நீதான் என் இடத்தில் இருக்கிறாய் என்று முழு வாக்கியமும் உள்ளே தயாராகிவிட்டது. வெளியே வந்தது, “இல்ல, பரவால்ல.”

அவன் நிமிராமலே இரண்டு அடுக்குகளைக் காலால் தள்ளினான். ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை தெரிந்தது. அவள் உட்காரவில்லை. மேலே இருந்த புத்தகத்தைத் திறந்து பார்த்தாள், பிறகு அதற்கு அடியில் இருந்ததை.

“எல்லாம் தலைகீழா குத்தியிருக்கு.”

“தெரியும்.”

இதில் யாருடைய இதயமும் அடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவன் தண்டனையை எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பது அந்தத் தலைகீழ் முத்திரையில் வந்துவிட்டது, இடம் விட்டுக் கொடுத்ததும் வந்துவிட்டது, அதையும் கையால் செய்யாமல் காலால் செய்தான் என்பதும் வந்துவிட்டது. அவள் வாய் திறந்தது அவனுக்காக இல்லை, புத்தகம் பாழாகிறதே என்கிற எரிச்சலில். கூச்சத்தை உடைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி எரிச்சல்தான், இதைக் காதலுக்கு முன்பே பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் முதல் காட்சியை எழுதி முடித்ததும், இருவரில் ஒருவராவது வாசகர் எதிர்பார்க்காத ஒரு சின்னக் காரியத்தைச் செய்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்ப எழுதுங்கள்.

ஐந்தாம் படி: யார் சொல்வது, எப்படிப் பேசுவது

அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவன் ஒரு முறை, அவள் ஒரு முறை என்று மாற்றிச் சொல்வது இப்போது பரவலான பழக்கம். முதல் கதைக்கு வேண்டாம் என்பேன். இரண்டு பேர் மனசுக்குள்ளும் போய்வந்தால் வாசகர் ஊகிக்க எதுவும் மிஞ்சாது, அதோடு இரண்டு குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அவள் பக்கமே நில்லுங்கள். அவள் உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறவள், பக்கம் நிரம்பிவிடும். அவன் விளக்கம் சொல்லாதவன், அவனை வெளியிலிருந்து பார்ப்பதுதான் ருசி.

விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். “நீ ஏன் என்னுடன் பேச மறுக்கிறாய்?” என்று எந்தப் பதினாறு வயதுக்காரரும் கேட்பதில்லை. “ஏன் பேச மாட்டேங்குற?” என்றுதான் கேட்பார்கள். அதற்காக டா, ப்ரோ, மச்சி என்று வரிக்கு வரி தூவவும் வேண்டாம், அந்தச் சொற்கள் சீக்கிரம் பழசாகும். நெருக்கத்தைக் காட்ட வேறு வழி இருக்கிறது. முதல் சில அத்தியாயங்களில் யாழினி அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே சமாளிக்கட்டும், “இந்தப் புத்தகம் எங்க வைக்கறது?” என்பதுபோல. பெயர் சொல்லி முதன்முதலில் கூப்பிடுவது எந்த இடத்தில் என்று நீங்கள் முன்பே முடிவு செய்துவையுங்கள், அந்த இடத்துக்கு வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது.

ஆறாம் படி: நடுப்பகுதி

அப்பா எதிர்ப்பார், அண்ணன் அடிப்பான், காதல் இன்னும் வளரும். இதுதானே உங்கள் திட்டம்? பெற்றோர் எதிர்ப்பு காதலைக் கூட்டும் என்று 1972-இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். 2014-இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. வீட்டாரும் நண்பர்களும் ஒத்துவராத உறவு மெலிந்துதான் போகிறது என்ற பக்கமே அவர்களுடைய முடிவுகள் சாய்ந்தன. கதையில் எதிர்ப்பு இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டுமே இயந்திரமாக நம்பிவிடாதீர்கள். பிரிவு அவர்கள் இருவரின் குணத்திலிருந்தே கிளம்ப வேண்டும்.

நம் கதையில் அது எப்படி? யாரோ யாழினியைக் கிண்டல் செய்கிறார்கள், தீபன் வளாகத்தின் நடுவில் அவனைப் பிடித்துத் தள்ளுகிறான். அவன் மனசில் இது அவளுக்காகச் செய்தது. அவளுக்கோ இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது, முழுப் பள்ளியும் இப்போது அவளைப் பார்க்கிறது. கற்பனைப் பார்வையாளர்கள் நிஜமாகிவிட்டார்கள். ஏன் செய்தாய் என்று அவள் கேட்க வேண்டும், கேட்க முடியாது. அவன் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டான். வில்லனே இல்லாமல் கதை உடைந்துவிட்டது.

இந்த இடத்தில் எல்லைகளையும் பேசிவிடலாம். பின்தொடர்வது, கையைப் பிடித்து இழுப்பது, வேறு பையனோடு பேசினால் முறைப்பது, ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பது இதெல்லாம் பாசம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அவன் இவற்றில் ஒன்றைச் செய்தால் கதைக்குள் அதற்கு விலை இருக்க வேண்டும், அவள் அதற்குச் சிலிர்க்கக் கூடாது. கூச்சமுள்ள பெண் “வேண்டாம்” என்பதைச் சத்தமாகச் சொல்ல மாட்டாள், அவள் தள்ளி நிற்பதைப் பார்த்தே புரிந்துகொள்கிறவனாக அவனை எழுதினால் வாசகர் அவனைத் தானாகவே விரும்புவார். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வைத்து அந்தரங்கக் காட்சி எழுதவே எழுதாதீர்கள். பல நாடுகளில் சட்டச் சிக்கல், தளங்களும் நீக்கிவிடும், அதைவிட இந்தக் கதைக்கு அது தேவையே இல்லை.

ஏழாம் படி: முடிவு

எல்லோருக்கும் முதலில் தோன்றும் உச்சக்காட்சி இது: தீபன் மேல் மறுபடியும் பொய்ப் பழி, உண்மை யாழினிக்கு மட்டும் தெரியும், அவள் எல்லோர் முன்னாலும் எழுந்து பேசி அவனைக் காப்பாற்றுகிறாள். கைதட்டல் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமாகப் பேசிய பேச்சும் அவன் கணக்கிலேயே போய்விட்டதே? திரும்பவும் மாத்திரைதான். அவளுடைய சத்தத்தை அவளுடைய நேர்காணலுக்குச் செலவழியுங்கள். அவன் மேல் விழுந்த பழிக்கு அவனே, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நடந்தது என்ன என்று ஒரு ஆளிடமாவது சொல்லட்டும். இரண்டும் ஒரே நாளில் வெவ்வேறு அறைகளில் நடந்தால் இன்னும் நல்லது, யாரும் யாரையும் காப்பாற்ற ஓட முடியாது. அவர்கள் கடைசியில் சேர்கிறார்களா என்பது உங்கள் இஷ்டம். பதினேழு வயதில் கல்யாணம் வரை கொண்டுபோக வேண்டியதில்லை, கதை முடிகிற நாளில் அவர்கள் நேர்மையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் போதும்.

எழுதி முடித்த பிறகு

அளவைப் பற்றிக் கேட்பார்கள். ஆங்கிலப் பதிப்புலகில் பதின்பருவ நாவல் என்றால் பொதுவாக 50,000 முதல் 80,000 சொற்கள். முதல் முயற்சிக்கு அது அதிகம். 1,500 சொல் வீதம் பத்து அத்தியாயம் போட்டு முடியுங்கள், முடிக்கப் பழகுவதுதான் இப்போதைக்குப் பெரிய காரியம். முதல் மூன்று அத்தியாயம் கையில் தயாராக இல்லாமல் முதல் அத்தியாயத்தை வெளியிடாதீர்கள், கருத்துப் பெட்டியில் வருகிறவர்கள் கதையைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள். வாசகர்கள் எல்லோரும் பதின்பருவத்தினர் என்றும் எண்ண வேண்டாம். 2012-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் இந்த வகைப் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள். ஆகவே “பிள்ளைகளே, இதைக் கற்றுக்கொள்ளுங்கள்” என்ற தொனி இருபுறமும் எடுபடாது.

திருத்தும்போது ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, பிறகு சத்தமாகப் படியுங்கள். “திடீரென்று”, “ஏனோ தெரியவில்லை”, “தன்னையும் அறியாமல்” மூன்றையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள், பெரும்பாலான இடங்களில் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். தன்னை அறியாமல் செய்தாள் என்று எழுதுகிற இடமெல்லாம் அவள் ஏன் செய்தாள் என்று நீங்கள் யோசிக்காத இடம்.

அப்புறம் அவன் வருகிற காட்சிகளை எல்லாம் தற்காலிகமாக நீக்கிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். யாழினிக்குத் தொடக்கம், தடை, முடிவு என்று ஒரு குட்டிக் கதையாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள், வேறு வழியில்லை. மிஞ்சினால், அந்த வயதில் இருக்கிற இரண்டு பேரிடம் கொடுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், “சூப்பர்” என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். எந்தப் பக்கத்தில் ஃபோனை எடுத்தார்கள் என்று மட்டும் கேட்டு, அந்தப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.